ஒரு சாப்பாட்டுச் சத்தியம்

சிவப்புப் போர்வையை முதலில் பார்த்தது ஜலீலாதான். விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு தம்பி வீட்டு மொட்டைமாடிக்கு ஏறியவள், தினமும் பார்ப்பது போலக் கிழக்கே பார்த்தாள். நகரத்தின் கடைசி வீடுகள், அவற்றைத் தாண்டி மண்மேடுகளும் கண்ணிவெடிகளுமாகக் கிடந்த வெற்று நிலம், அதற்கு அந்தப் பக்கம் ஹவ்பான் வீடுகள். அங்கே நீலத் தண்ணீர்த் தொட்டி வைத்த மாடியில் சிவப்பாக ஒரு பொட்டு அசைந்தது.

"ஸைஃப், எழுந்திருடா. தொங்கப் போட்டுட்டா. என் பொண்ணு போர்வையத் தொங்கப் போட்டுட்டா."

தெருவே எழுந்துவிட்டது. அவள் பிறந்தது ஸபிர் மலையில். இந்த மலையிலிருந்து பக்கத்து மலையோடு பேசிப் பழகிய குரல்.

தாயிஸ் நகரத்துக்கும் ஹவ்பானுக்கும் இடையே தொலைபேசி ஒருநாள் பேசும், பத்து நாள் ஊமையாகிவிடும். அதனால் கடைசியாகப் பேசியபோது மகள் இஷ்ராக் சொல்லியிருந்தாள்: "வலி வர்ற மாதிரி இருந்தா சிவப்புப் போர்வையக் காயப் போடுறேன்மா. பார்த்த உடனே கிளம்பிடு. இந்தத் தடவையும் நீ இல்லாம என்னால முடியாது." போன தடவை பிள்ளை தங்கவில்லை. அன்று ஜலீலா இதே மாடிக்கு ஓடிவந்து நின்று, அந்த நீலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு அழுததைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. இந்த முறை அழப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

போருக்கு முன்னால் மினிபஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரத்தில் மகள் வீடு. ஏறிய பெண்கள் பேச்சை முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். இப்போது அந்தச் சாலையின் குறுக்கே இரண்டு படைகள் வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மகள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே கிளம்ப வேண்டும். மலையைச் சுற்றி, அல் அக்ரூத் பாறைச் சரிவில் இறங்கி, காட்டாற்றைத் தாண்டி, ஒரு பகல் முழுக்க உருண்டு பின்பக்கமாக வந்து சேரவேண்டும். அந்தப் பக்கத்துச் சாவடிகளில், ஆண்துணை இல்லாத பெண்ணை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அங்கேதான் சிக்கல். மகன் ஜித்தாவில் சிமெண்டு சுமக்கிறான். தம்பி ஸைஃப் இந்தப் பக்கத்துப் படையில் துப்பாக்கி தூக்கியவன். அந்தப் பக்கம் கால் வைத்தால் முழுசாகத் திரும்ப மாட்டான். மிச்சம் இருந்த ஒரே ஆண்பிள்ளை மஹ்யூப்.

மஹ்யூப் அவள் கணவன். அல்லது கணவனாக இருந்தவன். எது சரி என்பதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காஜிக்கே சந்தேகம்.

அந்தக் கால் மணி நேரச் சாலையில் இருபது வருஷம் மினிபஸ் ஓட்டியவன் அவன். கெட்டவன் இல்லை. வாய்தான் கெட்டது. அந்த ஊர் ஆண்களுக்கெல்லாம் உள்ள வியாதி அவனுக்குக் கொஞ்சம் அதிகம்: எடுத்ததற்கெல்லாம் தலாக்கை வைத்துச் சத்தியம். "இந்தத் தக்காளி நேத்துப் பறிச்சது, இல்லன்னா என் பொண்டாட்டி தலாக்." "நீ முன்னாடி போ, இல்லன்னா தலாக்." முப்பது வருஷமாக அவளைத் தக்காளிக்கும் டயருக்கும் பணயம் வைத்துக்கொண்டிருந்தான். இரண்டரை மாதத்துக்கு முன் ஒருநாள் மத்தியானம், தெருவில் போன பழைய நண்பன் ஒருவன் கதவருகே நின்று ஸலாம் சொன்னான். மஹ்யூப் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இன்னைக்கி எங்க வீட்டுல சாப்பிடாமப் போனா என் பொண்டாட்டி தலாக்." உள்ளே அடுப்பில் தேநீர்த் தண்ணீர் மட்டும் கொதித்தது. கூடையில் ஒரே ஒரு ரொட்டி. இந்த வீட்டு நிலைமை தெரிந்த அந்த நல்லவன், அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று கையை உதறிக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

ஜலீலா ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து ஒரு பாதியை அவன் முன்னால் வைத்துவிட்டு, துணிமூட்டையோடு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "மனசார நினைச்சு சொல்லியிருந்தா விழுந்துச்சு, சும்மா வாய் வார்த்தைன்னா பத்து ஏழைக்குச் சோறு போடு" என்றார் காஜி. ஒரு விருந்தாளிக்கே சோறில்லாதவன் பத்துப் பேருக்கு எங்கே போவான்? ஜலீலா தன் தீர்ப்பைத் தானே சொன்னாள்: "விழுந்துச்சு. யார் மேல விழுந்துச்சோ அவளுக்குத்தான் தெரியும்."

தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் இத்தாவுடைய மூன்று மாதம் முடிவதற்குள் அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மறுபடி மனைவி. அவள் சம்மதம்கூடத் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் மஹ்யூப் ஒருநாள் தம்பி வீட்டு வாசலுக்கு வந்தான். ஜலீலா ஜன்னலிலிருந்தே பிடித்துக்கொண்டாள். "விட்டதும் ஒரு வார்த்தை, எடுக்கிறதும் ஒரு வார்த்தையா? வாயத் திறந்தீங்க, நான் மலையில ஏறிப் போயிடுவேன், ஜென்மத்துக்கும் இறங்க மாட்டேன்." மஹ்யூப் வாயை மூடிக்கொண்டான். மூடிய வாயை இன்றுவரை திறக்கவில்லை. அவன் வாழ்நாளில் செய்த பெரிய சாதனை அதுதான் என்று ஸைஃப் சொல்வதுண்டு.

அன்று காலை ஸைஃப் போய்ச் சொன்னதும் மஹ்யூப் ஓடிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். கல்யாணக் கோட்டு, இடுப்பில் குத்துவாள், தலையில் புதுத் துண்டு. பிரசவத்துக்குப் போகிறானா பெண் பார்க்கப் போகிறானா என்று தெரியவில்லை.

"பேசாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க," என்றாள் ஜலீலா. "என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

ஆட்டினான்.

"வழியில எவன் கேட்டாலும் நான் உங்க குடும்பம்னு சொல்லக் கூடாது. நீங்க சொன்னா அது எடுத்துக்கிட்டதா ஆயிடும். டிரைவர் சொல்லட்டும். அவன் சொன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஆட்டினான்.

"சத்தியம் பண்ணவே கூடாது."

தலைத்துண்டு அவிழும் அளவுக்கு ஆட்டினான்.

டிரைவர் நுஃமானின் ஹைலக்ஸ் வண்டிப் பின்தொட்டியில் வெங்காய மூட்டைகளும், மூட்டைகள்மேல் நாலைந்து ஆட்களும். முன்னால் நுஃமான். பின்சீட்டில் இந்த மூலையில் ஜலீலா, அந்த மூலையில் மஹ்யூப், நடுவில் எல்லைக்கோடாக ஒரு கூடை. கூடைக்குள் இரண்டு நாட்டுக்கோழி. பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க நகரத்துக் கோழி உதவாது. கூடையின் பக்கத்தில் நெய்யும் தேனும், புகைபோட்ட பாலாடைக்கட்டியும். முக்காட்டுக்குள் காதோரம் துளசியும் செருகியிருந்தாள். ஸபிர் மலைப் பெண் அது இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள்.

வண்டி கடைசித் தெருவைத் தாண்டியதும் ஜலீலாவுக்கு நெஞ்சு துள்ளியது. ஏழு வருஷமாக அவள் இந்த நகரத்தை விட்டு வெளியே போகவில்லை. ஜன்னல் வழியாக வந்த காற்றில் வெங்காய வாடையும் ஈரமண் வாடையும் இருந்தன. கேழ்வரகு வயல் பார்த்தாள். வயலில் ஒரு கழுதை பார்த்தாள். கழுதையைப் பார்த்தா ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாள்? மகள் வலியில் கிடக்கும்போது தனக்கு என்ன குதூகலம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருக்க, தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

"உள்ள இழு, லாரி வருது," என்றான் மஹ்யூப். இரண்டரை மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"பேசலாம்னு நான் சொல்லலியே."

"கழுத்துப் போயிடுச்சுன்னா கோழிய யாரு சுமக்குறது?"

நுஃமான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "பெரியம்மா, ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"நீ ரோட்டப் பாரு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அல் அக்ரூத் சரிவில் ரோடு என்று ஒன்று கிடையாது. பாறைதான். ஒரு காலத்தில் கழுதைகள் யோசித்து இறங்கிய இடத்தில் இப்போது ஊரே லாரியில் இறங்குகிறது. ஒரு பக்கச் சக்கரம் கல்லில், மறுபக்கச் சக்கரம் கிட்டத்தட்டக் காற்றில். கீழே பள்ளத்தாக்கில் போன வாரம் கவிழ்ந்த வண்டி பூச்சி மாதிரி மல்லாந்து கிடந்தது. மஹ்யூப் பின்சீட்டில் இருந்தபடியே இல்லாத பிரேக்கை மிதித்தான்.

"முதல் கியர்ல போடு தம்பி. பிரேக்க நம்பாத."

"பெரியப்பா, ஸ்டீயரிங்க வேணா பிடுங்கித் தரட்டுமா?"

"நான் ஓட்டுன ரோட்டுல இந்த மாதிரி வளைவே கிடையாது."

"நீங்க ஓட்டுன ரோட்டுல இப்ப கண்ணிவெடிதான் இருக்கு பெரியப்பா. இதுல கல்லுதானே, பொறுத்துக்குங்க."

வண்டி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் அல்லாஹ்வை அழைத்தார்கள். ஜலீலா மட்டும் சிரித்தாள். பயத்தில்தான் சிரித்தாள், ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தால் சூடாக ஒரு முட்டை. இத்தனை குலுக்கலிலும் ஒரு கோழி தன் வேலையை முடித்திருந்தது.

சரிவின் அடியில் ஒரு கடைத்தெருவே முளைத்திருந்தது. போருக்கு முன் நரிகூட வராத இடம். நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன் இங்கே தகரக் கொட்டகையில் தேநீர் விற்றான். தெரிந்த முகம், அவள் கல்யாணத் துணி அவன் கடையில் வாங்கியது. குழந்தைகள் குழியில் கல்லைப் போட்டு நிரப்பிவிட்டு வண்டிகளுக்குக் கை நீட்டினார்கள். இடிந்த பாலத்தின் நிழலில் நாலு கிழவர்கள் டோமினோ ஆடினார்கள். எதிர்த்திசையில் ஒரு கல்யாணக் கூட்டம் ஒலிபெருக்கியில் பாட்டோடு வந்து நின்றது. மாப்பிள்ளையே வண்டியின் டயரை மாற்றிக்கொண்டிருந்தான்.

ஜலீலா தேநீரைக் குடித்தபடி யோசித்தாள். போர் என்றால் குண்டு என்று நினைத்திருந்தாள். குண்டு அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது இந்த நீளம். கால் மணி நேரத்தை இழுத்து இழுத்து ஒரு பகலாக்கி, அதற்குள் இத்தனை பேரைக் குடிவைத்துவிட்டார்கள். அவர்களும் சும்மா இல்லை. அந்த நீளத்துக்குள்ளேயே தேநீர் போட்டு, கல்யாணம் செய்து, டோமினோவில் ஏமாற்றிச் சண்டையும் போடுகிறார்கள். அவளுக்கு அவர்கள்மேல் கோபம் போல ஒரு பாசம் வந்தது.

காட்டாற்றை அடைந்தபோது மலையில் பெய்த மழை முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. செம்மண் தண்ணீர், கிளையும் செருப்புமாக உருட்டிக்கொண்டு ஓடியது. கரையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எல்லோரும் லேசாகப் போதை தரும் காத் இலைக் கட்டைப் பிரித்து மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"வடியிற வரைக்கும் உக்கார வேண்டியதுதான்," என்றான் நுஃமான்.

"எப்ப வடியும்?"

"ஆத்தக் கேளுங்க பெரியம்மா."

ஜலீலா மஹ்யூபைப் பார்த்தாள்.  அந்தப் பார்வையை முப்பது வருஷமாகப் படித்தவன் அவன். கல்யாணக் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான், குத்துவாளை நீட்டினான், இடுப்புத்துணியைத் தூக்கிச் செருகினான், தண்ணீருக்குள் இறங்கினான்.

முட்டி வரை. தொடை வரை. நடு ஆற்றில் இடுப்பு வரை. ஒரு கிளை வந்து மோதியது, ஆள் மறைந்தான்.

"இஷ்ராக் அப்பா!"

இரண்டரை மாதமாக அவள் அப்படிக் கூப்பிடவில்லை. கரையில் இலை மென்ற தாடைகள் எல்லாம் நின்றன. கொஞ்சம் கீழே தலைத்துண்டு தெரிந்தது, பிறகு தலை தெரிந்தது. மஹ்யூப் இருமித் துப்பிவிட்டு, கையை உயர்த்தி நுஃமானுக்குச் சைகை காட்டினான்: இந்தக் கோட்டில் வா, இடது பக்கம் போகாதே. இருபது வருஷம் பஸ் ஓட்டியவனின் கை அது. எந்த டிரைவரும் நம்புவான். நுஃமான் ஜன்னலை ஏற்றிவிட்டு வண்டியை ஆற்றில் இறக்கினான். தண்ணீர் கதவடியில் புகுந்து காலை நனைத்தது, கோழிகள் கூரையைப் பிய்க்கக் கத்தின, ஜலீலா அவற்றைவிட உரக்கக் கத்தினாள், வண்டி அக்கரை ஏறியது. பின்னால் நின்ற வரிசை மொத்தமும் காத் கட்டைச் சுருட்டிக்கொண்டு அதே கோட்டில் கிளம்பியது.

மஹ்யூப் ஈரம் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தான். கோட்டைக் கொடுத்தாள்.  கூடையை நடுவிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு சாவடிக்கு மேல் சாவடி. ஒவ்வொன்றிலும் நுஃமான் ஜன்னலில் முழங்கையை வைத்து ஒரே பாட்டைப் பாடினான்: "வெங்காயம். பின்னால ஒருத்தரும் குடும்பமும்." சாவடிக்காரர்களும் எட்டிப் பார்த்துவிட்டுக் கையசைத்தார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது கடைசிச் சாவடி வந்தது. அங்கிருந்து பார்த்தாலே வீட்டுக் கூரைகள் தெரிந்தன. நீலத் தொட்டி தெரிந்தது. மாடியில் சிவப்பு இன்னும் தொங்கியது. ஜலீலாவுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

சாவடித் தலைவனுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு கன்னம் காத் இலையில் உருண்டையாக வீங்கியிருந்தது.

"யாரு அந்தம்மா?"

"குடும்பம்," என்றான் நுஃமான்.

"உன்னோட குடும்பமா?"

"அய்யோ, என்னோடது இல்ல. பெரியப்பாவோடது."

"அப்ப அவரு வாயில புண்ணா? இறங்கச் சொல்லு."

மஹ்யூப் இறங்கினான். "யாரு அந்தம்மா?" என்று தலைவன் மறுபடி கேட்டான். மஹ்யூப் ஜலீலாவைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். குடும்பம் என்று சொல்லக் கூடாது. பொய்யும் வரவில்லை. நெற்றியில் வேர்த்தது.

"ஜலீலா," என்றான்.

வெங்காய மூட்டைமேல் இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தாயின் பெயர் வெளியே தெரிந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் மூக்கை உடைத்துக்கொள்ளும் ஊர் அது. கட்டியவன் நடுரோட்டில், துப்பாக்கிக்காரர்கள் மத்தியில், மனைவி பெயரைச் சொல்வதாவது.

தலைவன் இலையை மெல்லுவதை நிறுத்தினான். "பேரக் கேட்டேனா உன்ன? சொந்தக் குடும்பத்துப் பேர எவனாவது ரோட்டுல சொல்லுவானா? யாருய்யா இது? இந்த வயசுல எவன் வீட்டுப் பொம்பளையக் கூட்டிட்டு ஓடுற?"

"எங்க பொண்ணு அந்தா அந்த வீட்டுல பிரசவத்துக்குக் காத்திருக்கா..."

"அப்ப சத்தியம் பண்ணு. 'இவ என் பொண்டாட்டி, பொய்யின்னா தலாக்'னு சொல்லு. சொல்லிட்டுப் போ."

நுஃமான் மஹ்யூபின் காதருகே போனான். "சொல்லிடுங்க பெரியப்பா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ எல்லாரும் சொல்றதுதானே. வெங்காயம் அழுகிடும்."

ஜலீலாவுக்கும் அதுதான் தோன்றியது. சொல்லித் தொலையேன் மனுஷா, காலையில் சொன்னதெல்லாம் காலையோடு போகட்டும், என் பொண்ணு அங்கே கத்திக்கொண்டிருப்பாள். கையைக் கூடையில் அழுத்திக்கொண்டு அவன் முதுகையே பார்த்தாள்.

"அந்தச் சத்தியத்த நான் விட்டுட்டேன்," என்றான் மஹ்யூப்.

"அப்படின்னா வண்டியத் திருப்பு."

நுஃமான் தலையில் கைவைத்தான். ஒரு பையன் துப்பாக்கியோடு வந்து வண்டியின் முன்னால் நின்றான். அவ்வளவுதான். பகல் முழுக்க உருண்டு வந்தது இங்கே, மகள் வீட்டுக் கொடியில் துணி தெரியும் இடத்தில், முடிந்துபோனது.

ஜலீலா கதவைத் திறந்து இறங்கினாள்.

"தம்பி, இலையத் துப்பிட்டு நான் சொல்றதக் கேளு," என்றாள். "இந்த மனுஷன் முப்பது வருஷம் என் புருஷன். ஒருநாள் வீட்டுல ஒரே ஒரு ரொட்டி. ரோட்டுல போனவன நிறுத்தி, நீ சாப்பிடாமப் போனா என் பொண்டாட்டி தலாக்னாரு. அவன் பிடிச்சான் பாரு ஓட்டம், இன்னும் நின்னிருக்க மாட்டான். இல்லாத சாப்பாட்டுக்காக என்னை விட்டவரு இவரு. இப்ப அதே சத்தியத்த உனக்காகப் பண்ணச் சொல்றியா?"

முதலில் சிரித்தது துப்பாக்கிப் பையன். பிறகு மூட்டைமேல் இருந்தவர்கள். தலைவன் சிரிப்பை அடக்கப் பார்த்து, இலைச்சாறு தாடியில் வழிந்தது.

"இத்தா முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கு."

"அப்ப ஒரு வார்த்தையில முடியிற காரியம்." மஹ்யூபின் பக்கம் திரும்பினான். "எடுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? ஏன்யா வாயப் பொத்திட்டு நிக்கிற?"

"சொல்லக் கூடாதுன்னு அவ சொல்லிட்டா," என்றான் மஹ்யூப்.

யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஆண்பிள்ளை, துப்பாக்கி வைத்த ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, மனைவி வேண்டாம் என்றாள் அதனால் சொல்லவில்லை என்று சொல்லி ஜலீலா இதுவரை கேட்டதில்லை.  முப்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த எந்தச் சத்தியத்தையும் அவள் நம்பியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம்பினாள்.

மஹ்யூப் அவள் பக்கம் திரும்பினான். இடுப்புத்துணி இன்னும் ஆற்று ஈரமாகவே இருந்தது. "கேக்கட்டுமா?"

"எத?"

"சொல்லலாமான்னு."

"ரோட்டத் திறக்குறதுக்காகக் கேக்குறீங்களா?"

"இல்ல. ஆத்துல நீ கூப்பிட்டியே, அப்பவே கேட்டிருப்பேன். வாயில தண்ணி போயிருச்சு."

ஜலீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முக்காட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லுங்க. ஆனா இனிமே எவனைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் முதல்ல அடுப்படிக்கு வந்து என்னைக் கேக்கணும்."

"கேக்குறேன்." தொண்டையைச் செருமினான். "நான் ஜலீலாவ..."

"பேரச் சொல்லாதேய்யா," என்று தலைவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"என் குடும்பத்த நான் திரும்ப எடுத்துக்கிட்டேன். நீங்கெல்லாம் சாட்சி."

மூட்டைமேல் ஆரவாரம். துப்பாக்கிப் பையன் ஊர் வழக்கப்படி துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கிவிட்டான். தலைவன் பாய்ந்து குழலைக் கீழே தட்டினான். "மடையா, நீ சந்தோஷத்துல சுடுவ, அந்தப் பக்கத்துக்காரன் பீரங்கியில வாழ்த்துச் சொல்லுவான்." ஜலீலா கூடைக்குள் கைவிட்டு அந்த முட்டையை எடுத்துத் தலைவன் கையில் வைத்தாள். "விருந்துச் சாப்பாடு இதுதான். சாப்பிடு, சாப்பிடாமப் போ, எனக்கு ஒண்ணும் ஆகாது."

நுஃமான் அதன்பின் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. பள்ளத்தில் விழாமல் பள்ளத்துக்கு மேலேயே பறந்தான். மஹ்யூப் ஒரு தடவைகூடப் பிரேக்கை மிதிக்கவில்லை. அவன் கை ஜலீலாவின் கைக்குள் இருந்தது. "வேகமா, இன்னும் வேகமா" என்று சொன்னது அவள்.

வீட்டு வாசலில் மருமகன் ஷம்ஸான் செருப்பில்லாமல் நின்றிருந்தான். "இன்னும் பெறல. உள்ள வலியில கத்துறா. உங்களத்தான் கேக்குறா." ஜலீலா நெய், தேன், கோழி எல்லாவற்றையும் அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். அறையிலிருந்து ஒரு "அம்மா" கேட்டது. அந்த ஒரு சத்தத்தில் பாறை, ஆறு, சாவடி எல்லாம் அவள் உடம்பிலிருந்து இறங்கிப் போயின.

பிள்ளை வர இன்னும் நேரம் எடுத்தது. இஷ்ராக் அவள் கையைப் பிடித்துத் திருகியதில் விரல்கள் சிவந்தன. மருத்துவச்சி அதட்டினாள், ஜலீலா அதைவிட அதட்டினாள். அந்தித் தொழுகைக்கான பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் ஆண்குழந்தை வந்தது. வந்ததும் அழுதது, அழுத குரல் ஸபிர் மலைக் குரல். ஜலீலா அதைத் துடைத்து, துணியில் சுற்றி, தாத்தா அதன் காதில் பாங்கு சொல்வதற்காகக் கூடத்துக்குத் தூக்கி வந்தாள்.

கூடத்தில் சாப்பாட்டு விரிப்பு விரித்திருந்தது. ரொட்டி, மோரில் ஊறிய லஹூஹ் அப்பம், பச்சைமிளகாய்த் துவையல், அந்த வீட்டில் இருந்த அத்தனையும். எதுவும் தொடப்படவில்லை. விரிப்பின் நடுவில் மஹ்யூப் மருமகனைச் சுவரோடு சாய்த்து, உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ஷம்ஸான் கண்களை உருட்டினான்.

"என்ன பண்றீங்க? அவனக் கொல்லப் போறீங்களா?"

"பிள்ளை பொறந்த பின்னாடி சாப்பிடுறேன்னேன்," என்றான் மஹ்யூப், மூச்சு வாங்க. "இப்பவே சாப்பிடணும், இல்லன்னா என் பொண்டாட்டின்னு ஆரம்பிச்சான். அடுத்த வார்த்தைய நான் வர விடல. எவ்வளவு நேரமா பிடிச்சிட்டு நிக்கிறேன், கையை எடுத்தா சொல்லிடுவானோன்னு பயமா இருக்கு."

ஜலீலா சிரித்த சிரிப்பில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னவென்று பார்ப்பது போல முகத்தைச் சுளித்தது. அவள் நேராக மஹ்யூபிடம் போய்ப் பேரனை நீட்டினாள்.

"இந்தாங்க. ரெண்டு கையும் வேணும்."

மஹ்யூப் மருமகனைப் பார்த்தான். "சாப்பிடுறேன் மகனே. ஒரு மாசம் இங்கயே உக்காந்து சாப்பிடுறேன். வாய மட்டும் திறக்காத." மெதுவாகக் கையை எடுத்தான். ஷம்ஸான் திறக்கவில்லை. மஹ்யூப் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, பேரனை இரண்டு கையாலும் வாங்கி, அந்தச் சின்னக் காதருகே வாயைக் கொண்டுபோய், ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து, நிதானமாகப் பாங்கு சொன்னான்.